கையெழுத்து விழாத பொன்னாத்திரை

நானா,

டோனர் பெட்டி ஒன்றைத் தேடி இன்று காலை கடையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். டோனர் அகப்படவில்லை, நீங்கள்தான் அகப்பட்டீர்கள். ரப்பர் வளையம் போட்ட பதினொரு மஞ்சள் தாள்கள். ஒவ்வொன்றின் தலையிலும் உங்கள் புத்தகத்தின் பெயர், அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. பதினொரு கோடும் வெறுமையாகக் கிடந்தன. ஓரத்தில் மட்டும் உங்கள் பென்சில் எழுத்து, முத்து முத்தாக: "இன்னும் ஒருக்காப் பாக்கோணும்." பதினொரு தடவையும் அதே வசனம். ஒரு தடவையாவது சொல்லை மாற்றி எழுதியிருந்தால் என் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

நேற்று உங்கள் மகள் ரெலிபோன் எடுத்து, வாப்பாவின் புத்தகம் எப்போது வரும் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டாள். அதனால்தான் எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனது. ஆகவே கடை திறக்க முன், இந்த எரிச்சலை எல்லாம் உங்கள்மேல் கொட்டப் போகிறேன். திருப்பிச் சொல்ல நீங்கள் இல்லை என்ற துணிவும் இருக்கிறது.

அந்த மஞ்சள் தாளுக்குப் பெயர் வைத்ததே நீங்கள்தான். இந்தப் பிரெஞ்சு நாட்டு அச்சகங்களில் ஒரு வழக்கம் உண்டு. கலியாணக் கார்ட்டோ, கலண்டரோ, எதுவானாலும் மாதிரியை வாடிக்கையாளருக்குக் காட்டி, "பொன் ஆ திரே", அதாவது அச்சடிக்கலாம் என்று கையெழுத்து வாங்க வேண்டும். அது விழாமல் மெஷின் ஓடாது. விழுந்தபின் வரும் பிழைக்கு அச்சகக்காரன் பொறுப்பில்லை. நான் இதை உங்களுக்கு விளக்கியபோது விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "பொன்னும் இல்லை, திரையும் இல்லை, அதென்ன தம்பி பொன்னாத்திரை?" அன்றிலிருந்து எங்கள் ஆட்களின் கடைத்தெருவான இந்த லாசப்பல் முழுக்க அதுதான் பெயர். செவ்ரானிலிருந்து மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குக் கார்ட் அடிக்க வருகிற அம்மாகூட, "பொன்னாத்திரையிலை எங்கை சைன் வைக்கிறது தம்பி?" என்றுதான் கேட்கிறார். எல்லோரும் வைக்கிறார்கள். பெயர் வைத்த மனிதர் மட்டும் கடைசிவரை வைக்கவில்லை.

நீங்கள் முதலில் கடைக்கு வந்தது 2009 வைகாசியில். யுத்தம் முடிகிற நேரம், வன்னிக்கு எடுத்த ரெலிபோன்கள் எதுவும் போகாத நாட்கள். சனம் இங்கே ஆர்ப்பாட்டம் என்று தெருவில் நின்றது. நான் துண்டுப்பிரசுரம் அடித்துக்கொண்டே இருந்தேன், சூடு ஆற முதலே கட்டுக்கட்டாக எடுத்துக்கொண்டு போனார்கள். நீங்கள் ஒரு பிரதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தீர்கள். பிரெஞ்சில் ஓர் எழுத்து விழுந்துபோயிருந்தது. அதைச் சுற்றிப் பென்சில் வட்டம். "இதைப் பொலிசும் வாசிக்கும், பேப்பர்க்காரரும் வாசிப்பினம். பிழையோடை குடுத்தா பிழையைத்தான் பாப்பினம்" என்றீர்கள். ஊரே எரிகிறது, இந்த மனிசனுக்கு எழுத்துப்பிழை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த ஊர் என்று கொஞ்சம் மிடுக்காகவே கேட்டேன். "யாழ்ப்பாணம்தான். சோனகத் தெரு."

முஸ்லிம்களின் தெரு அது; அண்ணை என்று கூப்பிட்ட வாயை நானா என்று மாற்றிக்கொண்டேன். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் உங்களையெல்லாம் சில மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னபோது நான் அங்கேதான் இருந்தேன், ரியூட்டரி வகுப்புக்குப் போகிற வழியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கதையை நீங்கள் அன்றும் கேட்கவில்லை, பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. பிரசுரத்தைத் திருத்தி அடிக்கச் சொன்னீர்கள். அடித்தேன். உங்களைத் துரத்தியவர்களுக்காகத் தெருவில் நின்ற சனத்தின் பிரசுரத்துக்கு நீங்கள் எழுத்துப்பிழை திருத்தினீர்கள் என்பது, உங்களிடம் நான் ஒருநாளும் வாயால் சொல்லாத நன்றி. இப்போது சொல்லிவிட்டேன். இனி மறுபடி கோபிக்கலாம்.

பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்தீர்கள். ஓல்னே-சூ-புவாவிலிருந்து ரயில் எடுத்து, கார் து நோரில் இறங்கி நடந்து, ரூ லூயி-பிளாங்கில் இரண்டு வடை வாங்கிக்கொண்டு கடைக்குள் நுழைவீர்கள். வேலை நூலகம் ஒன்றில், அடுக்கிலிருந்து புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே ஒரு கண்காட்சிக்குப் பொருட்களை எடுத்து வைத்தபோதுதான் அந்தச் சனியனைக் கண்டிருக்கிறீர்கள். எகிப்தில் கிடைத்த ஒரு பழைய தாயத்து. விரல் அகலக் கடதாசியில் அரபு எழுத்து. கையால் எழுதியதல்ல, அச்சுக் கட்டையை வைத்து அழுத்தி எடுத்தது. ஐரோப்பாவில் அச்சு எந்திரம் வருவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன். "தம்பி, கடதாசி எங்கடை ஆக்களிட்டை இருந்தது. மை இருந்தது. அச்சும் இருந்திருக்கு. பிறகேன் அத்தனை நூறு வருசம் கையாலை எழுதிக்கொண்டு இருந்தவங்கள்?" இதுதான் கேள்வி. இதற்குத்தான் உங்கள் புத்தகம். பெயர்: தாமதம். பெயரை வைக்கும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கடைக்கு வருகிறவர்கள் இதற்கு ஒரே பதில் வைத்திருந்தார்கள். மதம் தடுத்தது, சுல்தான் தடை போட்டார், முடிந்தது கதை. அதைக் கேட்டால் உங்களுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். அப்படி ஒரு தடைக் கடதாசியின் மூலத்தை எனக்கு ஆராவது காட்டட்டும் என்பீர்கள். இஸ்தான்புல்லில் யூதர்களும் ஆர்மீனியர்களும் தங்கள் மொழியில் அச்சடித்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பீர்கள். ஒருநாள் நான் கொஞ்சம் பெருமையாக, தமிழ் எவ்வளவு முந்தி அச்சேறிய மொழி தெரியுமா என்று தொடங்கினேன். வடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டீர்கள்: "அடிச்சது ஆர்? பாதிரிமார். அதுக்குப் பிறகும் உங்கடை ஆக்கள் எத்தனை தலைமுறை ஏட்டிலை கீறிக்கொண்டு இருந்தவை?" அன்று கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

உங்கள் வாதம் எனக்கு இப்போது மனப்பாடம். பன்னிரண்டு தடவை பக்கம் கட்டியவனுக்கு வராமல் இருக்குமா? அந்தத் தாயத்தைச் சந்தையில் விற்றவர்களுக்கு ஏமாற்றுக்காரர் என்று பெயர் இருந்தது. அதனால் அச்சு என்றாலே சந்தைக்காரன் சாமான் என்று ஆகிவிட்டது, நல்ல எழுத்துக்காரன் எவனும் அதைத் தொடவில்லை. தொட்டிருந்தால், அந்தக் கட்டை ஒரு கெட்டிக்காரக் கையெழுத்துக்காரனின் கைக்குப் போயிருந்தால், கதையே வேறு என்பீர்கள். அடுத்தது எழுத்து. அரபு எழுத்து ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு போவது. சொல்லின் தலையில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று, தனியே நின்றால் இன்னொன்று. அதைத் துண்டு துண்டாக ஈயத்தில் வார்த்துக் கோத்தால் கண்ணுக்குப் பிடிக்காது. பின்னாளில் கல்லச்சு வந்ததும், கையால் எழுதியதை அப்படியே கல்லில் ஏற்றி அடிக்கலாம் என்றதும், கெய்ரோவிலிருந்து எங்கள் கரைகள் வரை அதைப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் பாட்டி வாப்பும்மாவோ யாரோ வைத்திருந்த, அரபு எழுத்தில் தமிழ் எழுதிய அரபுத்தமிழ்ப் புத்தகம்கூடக் கல்லச்சுத்தான். அந்தக் கல் சில நூற்றாண்டு முந்திக் கிடைத்திருந்தால்? இந்த "கிடைத்திருந்தால்" வரும்போது உங்கள் குரல் கொஞ்சம் இறங்கும்.

ஆனால் நீங்கள் அதிகம் அழுத்திச் சொன்னது வேறு. இத்தாலியில் யாரோ வியாபாரிகள் குர்ஆனை அச்சடித்தார்கள், அதில் எழுத்துக்கு எழுத்துப் பிழை. வேத வசனத்தில் பிழை, அதுவும் ஒரே பிழை எல்லாப் பிரதியிலும். கையால் எழுதுகிறவன் விட்ட பிழை அவன் பிரதியோடு போகும், அச்சில் விட்டது ஊரெல்லாம் போகும். அந்தப் பயம் நியாயமானது என்பீர்கள். வழி என்ன என்று நான் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலை இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன். "பெரிய சாமானிலை கை வைச்சதுதான் பிழை. சின்னதிலை துவங்கியிருக்கோணும் தம்பி. தொழுகை நேர அட்டவணை, ஹஜ்ஜுக்குப் போறவனுக்கு வழி, நிக்காஹ் கார்ட். பிழை வந்தா பேனையாலை திருத்திப்போட்டுப் போகலாம். சனத்துக்குக் கை பழகியிருக்கும்."

எவ்வளவு அழகான பேச்சு. பேசிவிட்டு அடுத்த சனிக்கிழமை வந்து முழுப் புத்தகத்தையும் திரும்பத் தூக்கிக்கொண்டு போவீர்கள். முதல் மஞ்சள் தாளில் கையெழுத்து வைக்காததற்குக் காரணம் இஸ்தான்புல்லா இஸ்தாம்பூலா என்பது. இரண்டாவதற்கு, நூலகத்தில் புதிதாக ஒரு கட்டுரை வந்திருந்தது. மூன்றாவதில் ஆய்த எழுத்து கண்ணுக்குப் பெரிதாக இருந்தது. நான்காவது எதற்கென்று எனக்கே மறந்துவிட்டது. எங்கள் ஆட்கள் செத்தால் முப்பத்தோராம் நாளுக்குள் படம் போட்டு, தேவாரம் போட்டு, கல்வெட்டு என்று நினைவுப் புத்தகம் அடித்துக் கையில் கொடுத்துவிடுகிறேன். உயிரோடு இருக்கிற உங்களுக்கு வருடக்கணக்காக முடியவில்லை. இதை உங்களிடமே சொன்னேன். "அதுக்குச் செத்த ஆள் பிழை பாக்க வராதுதானே" என்றீர்கள்.

2015இல் உங்கள் மதத்தின் பெயரைச் சொல்லிச் சிலர் இந்த நகரத்தில் சனத்தைச் சுட்டுக் கொன்றபிறகு உங்கள் முகம் மாறியது. அந்த வருடக் கடைசியில் எட்டாவது தாளைக் கொண்டுவந்து, கையெழுத்து இல்லாமலே வைத்தீர்கள். இப்போது வேண்டாம் என்றீர்கள். "எங்கடை ஆக்கள் நான் காட்டிக் குடுத்திட்டன் எண்டுவினம். மற்றாக்கள், பாத்தியா, அவையே ஒத்துக்கொள்ளினம் எண்டுவினம். நடுவிலை நான் என்னத்தைச் சொன்னன் எண்டு ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்." நீங்கள் பயந்தது எனக்கு விளங்கியது. ரயிலில் பொலிஸ் உங்களைத் திறந்து காட்டச் சொன்ன பைக்குள் இருந்தது அந்தப் பக்கங்கள்தான் என்பதும் தெரியும். ஆனால் அன்று காலை முதல் மெஷின் மூன்று தடவை தாள் கடித்திருந்தது, எனக்குப் பொறுமை முடிந்திருந்தது. சொல்லிவிட்டேன்: "அங்கை அச்சு ஏன் பிந்தினது எண்டு எனக்கு இப்ப விளங்குது நானா. உங்களைமாதிரி நாலு பேர் இருந்திருப்பினம்."

பென்சிலை எடுத்து ஓரத்தில் வழக்கமான வசனத்தை எழுதினீர்கள். மூன்று சனிக்கிழமை வரவில்லை. நாலாவது சனிக்கிழமை வடையோடு வந்தீர்கள், நான் மன்னிப்புக் கேட்கவில்லை, நீங்களும் எதிர்பார்க்கவில்லை. அந்த வசனத்தைத் திருப்பி எடுக்க முடிந்தால் எடுப்பேனா என்று இன்றும் தெரியவில்லை. அது உண்மைதானே.

சில வருடம் கழித்து ஒரு தை மாத வியாழக்கிழமை காலை உங்கள் மகள் ரெலிபோன் எடுத்தாள். முதல்நாள் பின்னேரம் வாப்பா வபாத், நாளை ஜும்மாவுக்குப் பிறகு அடக்கம், லாசப்பல் கடைக் கதவுகளில் மத்தியானத்துக்குள் அறிவித்தல் ஒட்ட வேண்டும். அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. மரண அறிவித்தலுக்குக் கணினியில் எப்போதும் கிடக்கும் மாதிரியை எடுத்தேன். மேலே இருந்த குத்துவிளக்கை நீக்கிப் பிறை வைத்தேன். "இறைவனடி சேர்ந்தார்" என்பதை "வபாத்தானார்" என்று மாற்றினேன். உங்கள் பெயரை மூன்று தரம் எழுத்தெழுத்தாக வாசித்தேன், நீங்கள் தோளுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்தது. கீழே இடத்தையும் நேரத்தையும் மாற்றினேன். மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் பொன்னாத்திரையில் நானே கையெழுத்து வைத்தேன். அடித்தேன். ஓடி ஓடி ஒட்டினேன்.

அரை மணித்தியாலத்தில் ரூ லூயி-பிளாங்கில் ரெலிபோன் கடை வைத்திருக்கும் மன்னார்க்காரர் கூப்பிட்டார். அவர் கிறிஸ்தவ வேதக்காரர், சத்தம் போட்டுப் பேசாத மனிதர். மெதுவாகத்தான் கேட்டார்.

"அண்ணை, நானாவை எரிக்கப் போயினமோ?"

கடைசி வரி அப்படியே கிடந்தது. அன்னாரின் பூதவுடல் தகனம் செய்யப்படும். இடத்தையும் நேரத்தையும் மாற்றிய கை அந்தச் சொல்லை விட்டுவிட்டது. ஆயுள் முழுக்க ஓர் எழுத்துப் பிழைக்குப் பயந்து கையெழுத்து வைக்காத மனிதரின் பெயரில் முதன்முதலாக அச்சான தாளில், நான் உங்களை எரிக்கக் கொடுத்திருந்தேன். கறுப்புப் பேனை ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினேன். மீன் கடை, சாறிக் கடை, சாப்பாட்டுக் கடை, ஒவ்வொரு கதவிலும் "தகனம்" என்பதை வெட்டி மேலே "நல்லடக்கம்" என்று எழுதினேன். மழைத் தூறலில் மை கசிந்தது. மன்னார்க்காரர் கடையைப் பூட்டிவிட்டு அடுத்த பக்கத்துக் கதவுகளைத் தான் பார்த்துக்கொண்டார். அதற்குள் சிலர் படம் பிடித்து லண்டன்வரை அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் அடக்கம் நடந்த மையவாடியில் உங்கள் மகள்முன் போய் நின்றேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் பிரெஞ்சில் தொடங்கி, எனக்காகத் தமிழுக்கு வந்தாள். "எல்லாரும் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கினம் அங்கிள். அந்தச் சொல்லைப் பாத்து ஒருத்தரும் வேறை எங்கையும் போகேல்லை." திரும்பிப் பார்த்தேன். லாசப்பல் பாதி அங்கேதான் நின்றது. அவ்வளவு பெரிய பிழை, ஒரு பேனையில் முடிந்துவிட்டது. இதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் நானா. உங்களோடு சண்டை போட எனக்குக் கிடைத்த ஒரே நல்ல ஆதாரம், உங்கள் அடக்கத்தில் கிடைத்தது.

நாற்பது நாள் கழித்து அவள் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோன பன்னிரண்டாவது தாளைக் கொண்டுவந்தாள். ஓரத்தில் அதே பென்சில் வசனம். அதன் அர்த்தம் என்ன என்று கேட்டாள், சொன்னேன். சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள். தனக்கு ஒரு வரியும் வாசிக்க வராது, ஆனால் வாப்பா இனிமேல் பார்க்கப் போவதில்லை என்றாள். கோட்டின்மேல் பிரெஞ்சு எழுத்தில் கையெழுத்து வைத்தாள்.

இங்கேதான் நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது வருகிறது. கையெழுத்து விழுந்து வருடங்கள் ஆகின்றன. நான் அடிக்கவில்லை. முதலில் நல்ல கடதாசிக்குக் காத்திருந்தேன். பிறகு அரபு தெரிந்த ஒருவர் ஒருதரம் பார்க்கட்டும் என்றேன். பிறகு நானே வாசித்து ஒரு பிழை கண்டேன், அது இருந்தால் இன்னொன்றும் இருக்கும்தானே என்று தோன்றியது. உங்களுக்கு முன்னால் அப்படி வாய் கிழியப் பேசியவன், நீங்கள் போனதும் உங்கள் நோயையே வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை தகனம் அடித்த கை, இனி எதை அடிக்கவும் கூசுகிறது. நேற்று மகள் கேட்டபோது என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "இன்னும் ஒருக்காப் பாக்கோணும் பிள்ளை." சொல்லிவிட்டு ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த மடலை நடுவில் நிறுத்திவிட்டு எழுந்துபோய் மெஷினைப் போட்டேன். முழுப் புத்தகம் இல்லை. நீங்கள் சொன்னபடி சின்னச் சாமான். தாயத்தைப் பற்றிய முதல் அத்தியாயம் மட்டும், பதினாறு பக்கம், கலியாணக் கார்ட்டுக்கு வாங்கி மிஞ்சிய தடித்த தாளில். கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன், பிழை கண்டவர்கள் எழுதட்டும். சனிக்கிழமை மகள் வருகிறாள். மன்னார்க்காரருக்கும் சொல்லியிருக்கிறேன், தன் மேசையில் பத்துப் பிரதி வைப்பார்.

இரண்டு தாள் ஓடியதும் ஒன்றை எடுத்துப் பார்த்தேன், பழக்கதோஷம். மூன்றாம் பக்கம். பழைய எழுத்துருவிலிருந்து இந்தப் புது மெஷினுக்குக் கோப்பை மாற்றியபோது ஓர் உகரம் விழுந்துபோயிருக்கிறது. "அச்சுத் தடை" என்று நீங்கள் எழுதிய இடத்தில் "அச்சத் தடை" என்று நிற்கிறது. தடைக் கடதாசியைக் காட்டு, காட்டு என்று எத்தனை சனிக்கிழமை சண்டை பிடித்தீர்கள், அந்தத் தடைதான்.

கை நிற்பாட்டும் பொத்தான்வரை போனது. திருப்பி எடுத்துக்கொண்டேன். பேனை சட்டைப் பையில் இருக்கிறது, நானா. மெஷின் ஓடுகிறது.